நின்ற காரணம்

மேட்டில் ஏறமாட்டேன் என்று கரி பஸ் நின்றுவிட்டது.

அனந்தபுரத்தில் கிளம்பும்போதே அதற்கு மூச்சு வாங்கியது. யுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் பெட்ரோல் கிடைத்தபாடில்லை. வண்டியின் முதுகில் கட்டிய இரும்பு உருளையில் அடுப்புக்கரி எரிந்து, அந்தப் புகையில்தான் சக்கரம் சுற்றவேண்டும். ஐப்பசி மழை அந்தக் கரியையும் நனைத்துவிட்டது.

"எறங்குங்க, எறங்குங்க! ஆம்பளைங்க பின்னால வந்து தள்ளுங்க... செஞ்சி தோ தெரியுது பாரு!"

கண்டக்டர் சொன்னானே தவிர, செஞ்சி தெரியவில்லை. மேகத்துக்குள் கோட்டை மலையான ராஜகிரியின் உச்சி மட்டும் கறுப்பாக நின்றது.

லூர்துமேரி இறங்கி ஓரமாக ஒதுங்கினாள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இருபத்திரண்டு வயது. பை ஒன்றை முந்தானைக்குள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். தலை நனைந்தால் நனையட்டும்... பை நனையக் கூடாது.

"ஏலேலோ...!"

ஆண்கள் தள்ளினார்கள். பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. செஞ்சேறு ஒரு வாளி அளவுக்கு எழும்பி வந்து அவள் வெள்ளைப் புடவையில் அடித்தது.

"ஐயோ! கண்ணு இருக்குதா இல்லையா?"

சக்கரத்தின் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தவன் திரும்பினான். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். அவன் முகத்திலும் முக்கால்வாசி சேறுதான். நடுவில் இரண்டு கண்கள்... ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள்.

"கண்ணு இருக்குதுங்க. சக்கரத்துக்குத்தான் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நாளா இது?

அவன் ஓடிப்போய்ப் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குடையை எடுத்து வந்து நீட்டினான்.

"எனக்கு வேணாம்."

"ஒங்களுக்கு இல்லிங்க. அந்தப் பைக்கு. கொழந்த மாதிரி அணைச்சிட்டு நிக்கிறீங்களே... நனைஞ்சா சளி புடிச்சுக்கும்."

இந்தத் தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை. குடையை வாங்கிக்கொண்டாள். கண்டக்டர் உருளையின் விசிறியைச் சுற்றத் தொடங்கினான். இன்னும் கால் மணி ஆகும் என்றான்.

"எதுவரைக்கும் போறீங்க?" என்றான் அவன்.

"கடலை ஆலைக்கு."

அவன் முகம் ஒரு நொடி அசையாமல் நின்றது. அவள் கவனிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது பொங்க ஒரு வாய்க்கால் கிடைத்துவிட்டது.

"எங்க நைனா அங்க பதினோரு வருஷம் எஞ்சின் ஓட்டினாரு. புதன்கெழம பெல்ட்டு பிரிஞ்சு ஒரு பொம்பளையோட முந்தானைய இழுத்துடுச்சு. நைனா எஞ்சின நிறுத்தினதால உசிரு தப்பிச்சா. வேற பெல்ட்டு போடாம ஓட்டமாட்டேன்னாரு. நேத்து சாயங்காலம், 'நாளையிலேர்ந்து வராதே'ன்னுட்டாங்க. சரி, அது முதலாளி. மொதலு போட்டவன் அப்படித்தான் பேசுவான். ஆனா அங்க ஒரு குமாஸ்தா இருக்கானாமே..."

"...ம்."

"ஒரு வெத்துத்தாள்ல ஸ்டாம்பு ஒட்டி, 'இதுல கையெழுத்து வெய்யுங்க'ன்னு நீட்டினானாம். எழுதாத தாளு! அப்புறமா என்ன வேணா எழுதிக்கலாம் இல்ல? நைனாவுக்குப் பேர் மட்டுந்தான் எழுதத் தெரியும். அது தெரிஞ்சு நீட்டியிருக்கான். அவனும் ஒரு வேதக்காரனாம்... ஞாயித்துக்கெழம பூசைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவான்?"

மழையில் முகத்துச் சேறு கரைந்து வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

பஸ் இருமி உயிர்பெற்றது. ஏறியபின் அவன் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்... இரண்டு முறை பார்த்தாள். இரண்டு முறையும் அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

செஞ்சியில் இறங்கி, குடையைக் கொடுக்கத் தேடினால் ஆளைக் காணவில்லை.

கடைத்தெருவைத் தாண்டி ஆலைக்கு நடந்தாள். எஞ்சின் சத்தம் இல்லை. கடலை மூட்டைகள் கொட்டகைக்கு வெளியே கோணியால் மூடி நனைந்துகொண்டிருந்தன. பருப்பு பொறுக்கும் பெண்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் அறையின் வாசலில் நின்று, மனதுக்குள் பத்து முறை ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்தாள்.

"சம்பளக் குமாஸ்தாவப் பாக்கணும்."

மேசைக்குப் பின்னாலிருந்தவன் எழுந்து நின்றான். முகம் கழுவியிருந்தான்.

"நான்தான்... தோமினிக்."

அவள் காது மடல் வரை சூடேறியது. வெட்கமா, கோபமா? இரண்டும்தான். குடையை மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா மீதிய கேட்டிருக்க முடியாதே. அத்தனையும் நெசம்."

அடுத்த வார்த்தைக்குள் உள்ளறைக் கதவு திறந்தது. முதலாளி அரங்கநாதன். அறுபதை நெருங்கும் மனிதர், நெற்றியில் கவலை. கத்துகிறவர் இல்லை. தாழ்ந்த குரலில் பேசிக் காரியம் முடிக்கிறவர்.

"மதலைமுத்து பொண்ணா? ஒக்காரும்மா. ஒங்கப்பன நான் வெரட்டல. அவனா கோச்சிக்கிட்டுப் போனான். யுத்தத்துல பெல்ட்டு எங்க கெடைக்குது, நான் இன்னா பண்றது? தானா நின்னேன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லு. ஏதோ பாத்துக் குடுக்கறேன்."

"தானா நின்னா என்ன ஆவும்?"

முதலாளி தோமினிக்கைப் பார்த்தார். நீயே சொல்.

தோமினிக் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தான். "சொல்லாம நின்னா ஆலை விதிப்படி பதினஞ்சு நாள் கூலி கழியும். மாசாமாசம் புடிச்ச ஜாமீன் பணமும் திரும்பாது. நடத்தைச் சர்ட்டிபிகேட்டும் கெடையாது."

சர்ட்டிபிகேட்! அதுதானே உயிர்நாடி. விழுப்புரத்து அரிசி ஆலையில் எஞ்சினுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பழைய இடத்துச் சர்ட்டிபிகேட்டோடு திங்கட்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள்.

"முதலாளியா நிறுத்தினா?" என்றாள் அவள்.

தோமினிக் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"நிறுத்தினா ரெண்டாவது வேலை நாள் முடியறதுக்குள்ள மொத்தக் கூலியும் குடுத்தாகணும். அது சட்டம். நேத்து வியாழன். நாளைக்கு சனி... அஞ்சு மணி."

"தோமினிக்!" என்றார் முதலாளி.

"கேட்டாங்க, சொன்னேன் முதலாளி." உடனே குரலைக் கறாராக்கிக்கொண்டான். "பழைய சம்பளச் சீட்டுங்க இருக்குதா? குடுங்க, பதிவேட்டோட ஒத்துப் பாக்கணும்."

கொடுப்பதா? பையை இன்னும் இறுக்கினாள்.

"பாருங்க. ஆனா என் கையிலயே இருக்கட்டும்."

அவன் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. கோபம் இல்லை... மெச்சுதல் மாதிரி. ஒவ்வொரு சீட்டாக அவள் விரித்துப் பிடிக்க, அவன் மேசையின் மறுபக்கமிருந்து குனிந்து படித்துக் குறித்துக்கொண்டான். பதினோரு வருஷம். நூற்றுச் சொச்சம் சீட்டுகள். ஒரு தடவை கூட அவன் விரல் காகிதத்தைத் தொடவில்லை. ஈரத் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு விழப் போனபோது சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

இவனா வெற்றுத்தாளை நீட்டினான்?

பதிவேட்டில் நைனாவின் பக்கத்தைத் தலைகீழாக வாசித்தாள். கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. மேலே தலைப்பு: நின்ற காரணம்.

"நாளைக்கு ஒங்க நைனாவையே கூட்டிட்டு வாங்க," என்றான். முதலாளி இன்னும் கதவருகே நின்றிருந்தார்.

பொழுது சாய அவள் வீடு திரும்பியபோது மதலைமுத்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். வேலையில்லாத கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

"காலைல நீ பஸ்ஸுக்குப் போனப்புறம் அந்தக் குமாஸ்தாப் பய இங்க வந்தான் மேரி."

அதனால்தானா அவன் அந்தப் பஸ்ஸில்...

"இன்னாத்துக்கு நைனா?"

"வாசல்ல நின்னு கைய கட்டிக்கிட்டு, 'நீட்டினது தப்பு, மன்னிச்சிருங்க'ன்னான். 'சனிக்கெழம எழுதாத தாள் எதுலயும் கையெழுத்து போடாதீங்க. எழுதினதையும் ஒங்க பொண்ண வுட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு போடுங்க'ன்னான். ஆலைக்காரன் சோத்தத் தின்னுட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்தியாடான்னு தொரத்திட்டேன். தண்ணி கூடக் குடுக்கல."

"தண்ணி கூடவா நைனா..."

"நீ எதுக்குடி இப்ப கண்ணு கலங்கற?"

"புகை நைனா." அடுப்பு இன்னும் பற்றவைக்கவே இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கே இருவரும் ஆலையில் இருந்தார்கள். மூன்றாம் நாளாக எஞ்சின் ஊமையாய்க் கிடந்தது. வாரக் கூலிக்காகப் பெண்கள் ஆபீஸ் வாசலில் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் பவுனம்மாள்... பெல்ட்டு இழுத்த முந்தானை அவளுடையது.

மேசைமேல் முதலாளி ஒரு தாளைத் தள்ளினார். தானே விலகுவதாக எழுதி முடித்த கடிதம். அடியில் கையெழுத்துக்கு இடம்.

"போடு மதலை. பதினோரு வருஷப் பழக்கம், கசப்பு வேணாம்."

"பொண்ணு படிக்கட்டுங்க."

லூர்துமேரி கடிதத்தை வாசல் வரை கேட்கும்படி படித்தாள். "எனது சொந்த விருப்பத்தின் பேரில்..." என்ற இடத்தில் பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

"இது பொய்ங்க," என்றார் மதலைமுத்து. "பொய்க்குக் கீழ என் பேரு வராது."

"அப்படியா. பெட்டிச் சாவி வூட்டுல இருக்குது. திங்கக்கெழம வா, பேசுவோம்."

திங்கட்கிழமை! விழுப்புரம் போச்சு. சுவர்க் கடிகாரம் நாலேமுக்கால் காட்டியது. லூர்துமேரி தோமினிக்கைப் பார்த்தாள். தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஏதாவது பேசேன்... உன் சட்டம் எங்கே போயிற்று? ஒரு கணம், அந்த முதல் நாள் கோபம் அப்படியே திரும்பி வந்தது. இவனும் அவ்வளவுதானா?

தோமினிக் எழுந்தான். பதிவேட்டைத் திறந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"இதையும் படிங்க. சத்தமா."

காலியாக இருந்த கட்டத்தில் மை காய்ந்திருந்தது.

"நின்ற காரணம்... வியாழக்கிழமை மாலை முதலாளியால் நிறுத்தப்பட்டார். பிரிந்த பெல்ட்டில் எஞ்சினை ஓட்ட மறுத்ததற்காக. சேரவேண்டியது: இம்மாதக் கூலி, பஞ்சப்படி, பதினோரு வருஷ ஜாமீன் தொகை முழுதும். எழுதியவர், தோமினிக்."

பவுனம்மாள் வாசற்படி வரை நெருங்கி வந்தாள்.

முதலாளியின் முகம் வெளுத்தது. "அடிச்சுட்டு வேற எழுது."

"பக்கத்துக்கு நம்பர் போட்ட நோட்டு முதலாளி. அடிச்சா அடிச்சது தெரியும், கிழிச்சா கிழிச்சது தெரியும். ஆலை இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நான் வேற சொல்லமாட்டேன்."

"யார் சோத்த தின்னுட்டு யாருக்கு எழுதற நீ?"

"தப்பா எழுதறதுக்கு நீங்க சம்பளம் குடுக்கல முதலாளி. கணக்கு எழுதறதுக்குத்தான் குடுத்தீங்க." அவன் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்ததை அவள் மட்டும் பார்த்தாள். "வியாழக்கெழம வெத்துத்தாள நீட்டினேன். அது நான் செஞ்ச தப்பு. ரெண்டாவது தப்பு செய்ய என்னால முடியாது."

"எழுதினது நெசந்தான்! நாங்கல்லாம் பாத்தோம்!" பவுனம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். "சாட்சிக்குக் கைநாட்டு வெக்கணுமா? குடுங்க மையை!"

அவளுக்குப் பின்னால் இருபது பெண்கள். கடிகாரம் ஐந்துக்கு ஆறு நிமிஷம் காட்டியது. அரங்கநாதன் வாசலைப் பார்த்தார். நனையும் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்தே சாவியை எடுத்தார்.

மதலைமுத்து பணத்தை வாங்கி எண்ணி, மகள் படித்துக் காட்டிய ரசீதில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினார். சர்ட்டிபிகேட்டில் முதலாளி வேண்டாவெறுப்பாக ஒப்பமிட்டார். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தோமினிக். திங்கக்கெழமலேர்ந்து நீயும் வராதே."

பெண்கள் "அடப்பாவமே" என்றார்கள். தோமினிக் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான். யாரையும் பார்க்காமல் வெளியே நடக்கப் போனான்.

"நில்லுங்க!"

தன் குரலா அது? லூர்துமேரியே திடுக்கிட்டாள்.

"இவருக்கும் ஒரு பக்கம் இருக்குதே இந்த நோட்டுல. அதையும் எழுதிட்டுப் போகட்டும்." பக்கங்களைப் புரட்டினாள். தோமினிக். அவனுடைய காலிக் கட்டம். "எழுதுங்க. நிறுத்தப்பட்டார். காரணம், உண்மையை எழுதினதுக்காக. இன்னிக்கு சனி. ரெண்டாவது வேலை நாள் செவ்வாய்க்கெழம... அஞ்சு மணி. சரிதானே முதலாளி?"

பவுனம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கொட்டகையே சிரித்தது. தோமினிக் மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தப் பார்வையில் அவளுக்கு எழுத்து, எண், கிழமை எல்லாம் மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. செஞ்சிக் கோட்டை மலைகள் மூன்றும் குளித்து எழுந்தவை போல் பளிச்சென்று நின்றன. மதலைமுத்து மகளோடு செஞ்சிக்கு வந்தார். விழுப்புரத்தில் வேலை கிடைத்துவிட்டது. அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார்.

பஸ் நிற்கும் இடத்திலேயே தோமினிக் இருந்தான். கையில் ஒரு தகரப் பெட்டி. திண்டிவனம் பஸ் கரி பிடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, கணக்கு தீத்துட்டாங்களா?"

"தீத்துட்டாங்க. ஒரு பைசா கொறையல."

மதலைமுத்து தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு ஒன்ன வாசல்லயே நிக்க வெச்சுட்டேன். மனசுல வெச்சிக்காத." பதிலுக்குக் காத்திருக்காமல், "நான் போய் சுருட்டு வாங்கியாரேன்," என்று கடைத்தெருப் பக்கம் திரும்பினார். சுருட்டுக் கடை எதிர்ப்பக்கம் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இருவரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க போறீங்க?"

"மெட்ராஸ். கணக்கு எழுதற வேலை எதுனா கெடைக்குதான்னு பாக்கணும்."

"யார்கிட்டயும் சொல்லிக்காமலா?"

"யார்கிட்ட சொல்லணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. யார்கிட்டயா! மூன்று நாளாக எதைச் செய்தாலும் மேசை விளிம்பைப் பிடித்த அந்தக் கைதான் கண்ணில் நின்றது. இவனுக்கு ஒன்றும் இல்லையாக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, போயிட்டு வாங்க."

விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கண்டக்டர், "திண்டிவனம், திண்டிவனம்!" என்றான். தோமினிக் பெட்டியைத் தூக்கினான். இரண்டடி வைத்தான். நின்றான்.

"டீச்சரம்மா..."

"இன்னா?"

"வேலை இல்லாதவன் கேக்கக்கூடாத கேள்வி ஒன்னு இருக்குது. அதான் கேக்காம போறேன்."

அவள் மெல்லத் திரும்பினாள். அவன் கண்களில் இன்று தூக்கமின்மை இல்லை... பயம் இருந்தது. முதலாளி எதிரில் கூட இவ்வளவு பயம் இல்லையே!

"சனிக்கெழம அத்தனை பேர் முன்னாடி பேசத் தெரிஞ்சுது. இப்ப ஒரு ஆள்கிட்ட பேச முடியலையா?"

"அங்க போனது வேலை மட்டுந்தான். இங்க நீங்க இல்லேன்னுட்டா..."

"கேட்டாத்தானே தெரியும்."

கண்டக்டர் அவன் தோளைத் தட்டினான். "ஏம்ப்பா, வரியா இல்லியா?"

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" தோமினிக் கண்டக்டரைப் பார்த்தபடியே சொல்லிவிட்டான்.

"யோவ்!" என்று கண்டக்டர் பதறிப் பின்வாங்கினான்.

லூர்துமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

இந்த முறை அவளைப் பார்த்தான். "ஒங்களை எனக்குப் புடிச்சிருக்குது மேரி. சீட்டக் கையில குடுக்கமாட்டேன்னீங்களே... அப்பலேர்ந்து."

"எனக்கு அதுக்கும் முன்னாலேர்ந்து," என்றாள் அவள். குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "திட்டத் திட்ட, அத்தனையும் நெசம்னு ஒத்துக்கிட்டீங்களே. அப்படி ஒரு ஆம்பளைய நான் பாத்ததில்ல... மெட்ராஸ் போங்க. வேலை தேடுங்க. ஆனா ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு எட்டு வந்து நைனாகிட்ட கேட்டுடுங்க."

"ஏன், அவ்ளோ அவசரமா?"

"கல்யாணத்துக்கு முன்னால கோயில்ல மூணு ஞாயிறு நம்ம ரெண்டு பேர் பேரையும் ஓலையில வாசிக்கணும் இல்ல? ஒரு ஞாயிறு தவறினா ஒரு வாரம் தள்ளிப் போவுதே..." என்று சொன்னவள், தான் சொன்னது தன் காதிலேயே விழ, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.